பார்த்துவிட்டு வந்தால் போதும்

என் வீட்டுக்காரர் என்னை இன்றுவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். கேட்கிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொள்ள வந்த புண்ணியவான் ஒருவன் காரைக் கொண்டுபோய் சுவரில் விட, பக்கத்து இருக்கையில் இருந்த இவர் காலை உடைத்துக்கொண்டு நான் நர்ஸாக இருந்த வார்டில் வந்து படுத்தார். கால் ஒட்டும்வரை ‘சிஸ்டர், தண்ணி’, ‘சிஸ்டர், வலிக்குது’. ஒட்டியதும் ‘சிஸ்டர், கல்யாணம் பண்ணிக்கலாமா’. பழகிய வாய், அதுவே நிலைத்துவிட்டது. நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த சிஸ்டர் பட்டத்தை வெளியிலாவது உதறிவிட வேண்டும் என்றுதான் நான் துடித்தேன். வேலை கசந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நோயாளிகளை எனக்குப் பிடிக்கும். கசந்தது வேறு. வார்டில் ஆளைக் குறைப்பார்கள். ஏன் என்று கேட்டால், ‘மேனேஜ்மென்ட் முடிவு, சிஸ்டர்.’ நேராகத் தள்ளினால் பக்கவாட்டில் ஓடுகிற ஸ்ட்ரெச்சராகப் பார்த்து வாங்கிப் போடுவார்கள். அதுவும் மேனேஜ்மென்ட் முடிவு. அந்த முடிவெல்லாம் எடுக்கிற அறை மேல் மாடியில் இருந்தது. கதவு திறந்து மூடும் நேரத்தில் எட்டிப் பார்த்திருக்கிறேன். நீள மேஜை, சுற்றிலும் நாற்காலி, உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் இல்லை. அந்த மேஜையில் நானும் ஒருநாள் உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அதற்காகத்தான் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். மாலை வகுப்பு. அதே வருஷம் என் மகள் பாப்பாவும் வேறொரு கல்லூரியில் அதே படிப்பில் சேர்ந்தாள். அவளுக்கு அது ஆசை, எனக்கு அது வெறி. வீட்டில் ஒரே புத்தகத்துக்கு இரண்டு மாணவிகள். பாப்பா பச்சை மையில் கோடு போடுவாள், நான் சிவப்பில் போடுவேன். கடைசியில் கோடு போடாத வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பட்டம் கைக்கு வந்ததும் என் ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க” என்றார். அன்று மாலையே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்த பிறகுதான் அடுத்த மாதச் சம்பளம் ஞாபகம் வந்தது.

விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் என் வயதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டன. பாப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஆஸ்பத்திரி மட்டும்தான்னு ஏம்மா ஒத்தக்கால்ல நிக்கிற? இந்தப் படிப்புக்கு எவ்வளவோ வேலை இருக்கு” என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. “இன்சூரன்ஸ் கம்பெனில கிளெய்ம் பாக்கலாம்.”

“படுத்துக் கிடக்கிறவனுக்கு இது கிடையாது, அது கிடையாதுன்னு சொல்ற வேலைதானே. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

“சரி, ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனி? நர்ஸா இருந்தவங்கன்னா கொத்திக்கிட்டுப் போவாங்க.”

“அந்த சாஃப்ட்வேரைத் திட்டித் திட்டித்தான்டி எனக்குப் பாதி முடி நரைச்சது.”

“கன்சல்டன்ட் ஆகலாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியா போய் என்ன தப்புன்னு சொல்லிட்டு வரலாம். இல்லன்னா மெஷின் விக்கிற கம்பெனி, பொது சுகாதாரத் திட்டம், முதியோர் இல்லம்...”

“முதியோர் இல்லம் நல்ல யோசனை சிஸ்டர்” என்றார் இவர், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். “முதல் ஆளா நான் வந்து சேர்ந்துடறேன்.”

“உங்க ஒருத்தரை வச்சுப் பராமரிக்கறதே எனக்குப் போதும்.”

“மேனேஜ்மென்ட் முடிவுன்னா சரிதான்” என்றவர், நான் பார்த்த பார்வையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. ஆபரேஷன்ஸ் மேனேஜர் பதவி. செய்தி கேட்ட என் நாத்தனார் போன் போட்டு, “ஆபரேஷன்லாம் இனிமே நீயே பண்ணுவியா?” என்று பயந்த குரலில் கேட்டாள். வார்டு நடக்கிறதா, மருந்து வருகிறதா, ஆள் இருக்கிறதா என்று மொத்த ஆஸ்பத்திரியின் ஓட்டத்தைப் பார்க்கிற வேலை என்று விளக்கினேன். “அப்ப கத்தி பிடிக்க வேண்டாம்ல?” என்று உறுதி செய்துகொண்டுதான் வைத்தாள்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பாப்பா தயங்கித் தயங்கி வந்து நின்றாள். அதே பதவிக்கு, அதே நாளில், அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“நான் போகலம்மா. எனக்கு வேற ரெண்டு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. உனக்கு இது ஒண்ணுதான்.”

“ஏன், நீ வந்தா நான் தோத்துடுவேனா? பேசாம கிளம்பு. நீ வராம எனக்குக் கிடைச்சா அதுல என்ன மரியாதை இருக்கு?”

வாய்தான் அப்படிச் சொன்னது. ஆனால் மனசுக்குள் எனக்குச் சந்தேகமே இல்லை. வார்டையே பார்க்காத குழந்தை, வார்டிலேயே வாழ்ந்த நான். ஜெயிக்கப் போவது யார் என்று கேட்கவும் வேண்டுமா என்ன?

நேர்முகம் நடத்தியவர்கள் இரண்டு பேர். ஆஸ்பத்திரியின் டைரக்டர், பழைய சர்ஜன், மெதுவாகப் பேசுகிறவர். இன்னொருவர் ஆள் எடுக்கிற பிரிவின் மேடம். வந்திருந்த எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து டைரக்டர் சொன்னார்.

“உங்க சர்டிபிகேட்டெல்லாம் பாத்துட்டோம். இப்ப ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி முழுக்கச் சுத்திப் பாருங்க. எங்க வேணா போகலாம். எதுவும் செய்ய வேண்டாம். பாத்துட்டு வந்தா போதும். வந்து என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க.”

இதைவிட லேசான பரீட்சை உண்டா? நான் முதல் மாடியில் ஆரம்பித்தேன். பொது வார்டு. உள்ளே நுழைந்ததுமே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. கை துடைக்கிற மருந்துப் புட்டி காலி. அவசர மருந்து டிராலியின் மேல் யாரோ சாப்பாட்டுத் தட்டை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டே போனேன். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு வயதான அம்மா. ட்ரிப்ஸ் பாட்டில் வற்றிப்போய், ரத்தம் குழாயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு மேலே அழைப்பு விளக்கு சிவப்பாக எரிகிறது. அழுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்றோ, நர்ஸ் யாரையும் காணோம்.

பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று டைரக்டர் சொன்னார்தான். ஏறுகிற ரத்தத்திடம் போய் அதை யார் சொல்வது? என் கை என்னைக் கேட்கவே இல்லை. குழாயை அடைத்தேன். கட்டில் காலடியில் இருந்த குறிப்பைப் படித்தேன், அடுத்த பாட்டில் போட வேண்டும் என்று எழுதியிருந்தது, டிராலியில் பாட்டிலும் இருந்தது. கை கழுவி, மாட்டி, சொட்டு எண்ணி, வேகத்தைச் சரி செய்தேன். அந்த அம்மா, “மகராசியா இரும்மா” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அத்தோடு விட்டதா? பக்கத்துக் கட்டில்காரர், “சிஸ்டர், தலையணையக் கொஞ்சம் ஏத்தி வைங்க” என்றார். வைத்தேன். அட்டெண்டர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்து, “சிஸ்டர், ஸ்கேனுக்கு யாரக் கொண்டு போகணும்?” என்றார். குறிப்பைப் பார்த்துச் சொன்னேன், அழைத்துக்கொண்டு போனார். அப்புறம் டியூட்டி டாக்டர் புயல் மாதிரி நுழைந்தார். போனைப் பார்த்துக்கொண்டே, “சிஸ்டர், மூணாம் பெட் பி.பி. என்ன?” என்றார். பார்த்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். புடவையில் இருக்கிறாளே, யூனிஃபாரம் இல்லையே என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நான் யூனிஃபாரத்தில் இல்லை என்று.

நடுவில் ஒருமுறை நிமிர்ந்தபோது வார்டு வாசலில் பாப்பா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். ஒரு கை பிடிக்கலாமா என்று கேட்கத் தோன்றவில்லை பார், நான் பெற்ற பிள்ளைதானா இது என்று நினைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அந்த வார்டு நர்ஸ் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தாள். “அப்பாடா, ஆள் அனுப்பிட்டாங்களா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது.

கடைசி ஆளாகப் போய் உட்கார்ந்து, நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். டைரக்டர் பொறுமையாகக் கேட்டார்.

“அந்த அம்மாவுக்கு நல்லது பண்ணீங்க. மத்த மாடியெல்லாம் எப்படி இருந்தது?”

“போகல சார். நேரம் இல்ல.”

“சரி. அந்த நர்ஸ் எங்க போயிருந்தாங்க?”

“மருந்து எடுக்க சார்.”

“மருந்து எடுக்க அவங்க ஏன் போகணும்? வார்ட விட்டுட்டு?”

எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை. அவள் என் எதிரிலேயே ஓடிப்போனாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே இவர் டிரைவிங் ஸ்கூல் காரோடு நின்றிருந்தார். பாப்பா வண்டி கற்றுக்கொள்கிற நேரம் என்பதால் அவள் ஓட்ட, இவர் பக்கத்தில் தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார, நான் பின்னால்.

“உன்ன என்ன கேட்டாங்க?” என்றேன்.

“பாத்ததுலயே பெரிய ஆபத்து எதுன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

அவள் கியரை மாற்றினாள். தேவையே இல்லாத இடத்தில் மாற்றினாள்.

“வெளியிலேருந்து வந்த ஒருத்தங்க வார்டுக்குள்ள போய் நோயாளிக்கு ட்ரிப்ஸ் மாத்தினாங்க. அட்டெண்டர் அவங்க சொன்ன ஆள ஸ்கேனுக்குக் கொண்டு போனாரு. டாக்டர் அவங்க சொன்ன பி.பி.ய அப்படியே எழுதிக்கிட்டாரு. நீங்க யாருன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. அதான் பெரிய ஆபத்துன்னு சொன்னேன்.”

கார் குலுங்கி நின்றது. மிதித்தது அவளா, இவரா, இரண்டு பேருமா என்று தெரியவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை.

“அந்த ஒருத்தங்க உன் அம்மான்னு சொன்னியா?”

“சொல்லல. அவங்களும் கேக்கல.” கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “அம்மா, நீ நல்ல நர்ஸ். அது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அதே எடத்துல ஒரு கிறுக்கன் நின்னிருந்தாலும் இப்படித்தான் விட்டிருப்பாங்க.”

“சிஸ்டர்,” என்று இவர் மெல்ல ஆரம்பித்தார், “நான் கார் சொல்லிக் குடுக்கும்போது ஸ்டீரிங்கத் தொடவே மாட்டேன், ஏன்னா...”

“உங்க டிரைவிங் ஸ்கூல் தத்துவத்த இப்ப எடுத்தீங்கன்னா நான் இங்கயே எறங்கிடுவேன்.”

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். கார் நகர்ந்தது.

அன்று வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. மறுநாள் மத்தியானம் போன் வந்தது. வேலை பாப்பாவுக்கு. போனை வைத்துவிட்டு அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“நான் வேண்டாம்னு சொல்லிடறேன். அடுத்தது உன்னத்தான் கூப்பிடுவாங்க.”

“நீ சாப்பிட்டு மிச்சம் வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்” என்று கத்தினேன். கையில் இருந்த கரண்டி எங்கே போய் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. “நீ சொன்னது தப்பா இருந்தா நான் உன்னத் திட்டிட்டுப் போயிருப்பேன்டி. சரியாச் சொல்லித் தொலைச்சிருக்க. அதுதான் எனக்கு எரியுது.”

பொறாமை. வேறு பெயர் அதற்குக் கிடையாது. பெற்ற மகள் மேல் பொறாமை, அவள் மேல் பெருமை, என் மேலேயே எரிச்சல், எல்லாம் ஒன்றாக வந்தது. அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். இவர் எங்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் சொல்லவில்லை, குடித்தோம்.

அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. யாரும் கேட்கவில்லை, சரி. கேட்க வேண்டியது யார் பொறுப்பு? மாடி மாடியாகச் சுற்றி, இது நடக்கிறதா, இதனால் யாருக்காவது கெடுதல் வருமா என்று பார்க்கிற ஆள் அந்த ஆஸ்பத்திரியில் யார்? வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையில் எல்லாத் துறையும் இருந்தது. அப்படி ஒரு துறை இல்லை. நோயாளி பாதுகாப்பு என்று எங்கள் படிப்பில் ஒரு முழுப் பாடமே உண்டு. பச்சைக் கோடும் சிவப்புக் கோடுமாக நாங்கள் கிழித்தெடுத்த பாடம்.

மறுநாள் காலையில் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று இவர் கேட்டார். “தோத்த எடத்துக்கு” என்றேன். பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எனக்கு சலாம் வைத்தார். லிஃப்டில் ஏறி, அலுவலக வராந்தாவில் நடந்து, டைரக்டர் அறைக் கதவைத் தட்டும்வரை ஒரு ஜீவன்கூட என்னை ஏன் என்று கேட்கவில்லை. டைரக்டர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

“நானே உங்களக் கூப்பிடலாம்னு இருந்தேன்” என்றார். “நர்ஸிங் சூப்பிரண்ட் வேலை ஒண்ணு காலியாகுது. உங்க கைக்கு அது பொருத்தமா இருக்கும்.”

நல்ல வேலைதான். மரியாதையான வேலை. ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். ஆனால் மறுபடியும் முடிவு மேலே இருந்து வரும், நான் கீழே நின்று வாங்கிக்கொள்வேன்.

“வேண்டாம் சார். எனக்கு வேற வேலை வேணும். அன்னிக்கு உங்க வார்டுல ட்ரிப்ஸ் மாத்தினேன்னு பெருமையா சொன்னேன்ல. அதுதான் பெரிய ஆபத்துன்னு உங்ககிட்ட சொன்னது என் பொண்ணு.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “உங்க பொண்ணா?”

“ஆமா சார். அவ சொன்னது சரி. ஆனா அவ வேலை ஆபரேஷன்ஸ், ஓட்டத்தப் பாக்கறது. ஓடறது சரியான வழியில ஓடுதான்னு பாக்க இங்க யாரும் இல்ல. அந்த நர்ஸ் மருந்துக்கு ஏன் போனா, வார்டுக்குள்ள யார் வர்றா, யார் சொல்றத யார் எழுதறா, இதெல்லாம் யார் பொறுப்புன்னு கேட்டா உங்ககிட்ட ஒரு பேரும் இருக்காது. அந்த வேலைய எனக்குக் குடுங்க. இத்தன வருஷம் வார்டுல நின்னவ நான். எங்கெல்லாம் தப்பு நடக்கும்னு எனக்குத் தெரியும். ஒண்ண நானே பண்ணியும் காட்டிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. “அப்படின்னா உங்க பொண்ணு தப்பு பண்ணாலும் நீங்க எழுதிக் குடுக்கணும். முடியுமா?”

“அவ என்னப் பத்திச் சொல்லலையா சார்?”

இப்போது சிரித்துவிட்டார். ஆனாலும் தலையைச் சொறிந்தார். “இப்படி ஒரு போஸ்டே எங்ககிட்ட இல்லையே. மேனேஜ்மென்ட் கூடி முடிவு பண்ணணும். பேசிட்டுச் சொல்லி அனுப்பறேன்.”

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வயது போயிற்று. வழக்கமாக இங்கேதான் நான் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். கால் திரும்பப் பார்த்தது. நான் விடவில்லை.

“சொல்லி அனுப்ப வேண்டாம் சார். எப்ப கூடறீங்க?”

“இப்பதான். வாராந்திர மீட்டிங். எல்லாரும் வந்தாச்சு.”

“அப்ப நானே வந்து சொல்றேனே.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து, பக்கத்து அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நீள மேஜை. சுற்றிலும் நாற்காலிகள். ஆளாளுக்கு ஒரு ஃபைல். மேஜைக் கோடியில் இருந்தவர், கணக்குப் பிரிவுத் தலைவராம், மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் டைரக்டரிடம் கேட்டார்.

“இவங்க யாரு?”

காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இந்த ஆஸ்பத்திரியில என்னப் பாத்து அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் சார்” என்றேன். “அதப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.”